கையெழுத்தில்லாமல் ஏறிய மாடி

திருவண்ணாமலையில் லாட்ஜ் கட்டியவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அறையின் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் கூட்டம் பெருகிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மாவட்டம் தனியாகி, வேங்கிக்கால் பக்கம் அரசு அலுவலகங்கள் வரத் தொடங்கியதும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளைந்த கொல்லைகளில் எல்லாம் அளவுக்கல் நட்டார்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் லாட்ஜ் கட்டினார்கள். சேராதவர்கள் கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்ணைக் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்ப எந்தக் கான்ட்ராக்டருக்கும் மனமில்லை. கடைசியில் ஒருவர் கூப்பிட்டார். கொத்தனாராகத் தொடங்கி, மேஸ்திரியாகி, பிறகு கான்ட்ராக்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டவர். என் படிப்பின் மேல் மதிப்பு வைத்து அவர் கூப்பிடவில்லை. கீழ்பென்னாத்தூரில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு முதலாளி, வேங்கிக்காலில் லாட்ஜ் கட்டும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தார். கடன் கொடுத்த வங்கியின் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். ஒப்பந்தத்தில் இல்லாத எதைச் செய்தாலும் அது எழுத்தில் இருக்க வேண்டும், முதலாளியும் கான்ட்ராக்டரும் அதில் கையெழுத்திட வேண்டும். கான்ட்ராக்டருக்கு எழுத்து என்றாலே அலர்ஜி. அதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

"நீ நெழல்ல உக்காந்து எழுதினா போதும்மா. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நான் அதை வேலை என்று நம்பினேன். ஒரு சீட்டுக்கு மாதிரி தயார் செய்தேன். என்ன மாற்றம், யார் கேட்டது, எதனால், அதனால் கட்டடத்தில் வேறு எது மாறும், எத்தனை நாள் கூடும் என்று கேள்விகள். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். கார்பன் வைத்து இரண்டு படி எடுப்பேன். மாறுதல் சீட்டு என்று அதற்குப் பெயர் வைத்தேன். கொத்து வேலைக்காரர்கள் அதை லாட்டரிச் சீட்டு என்றார்கள்.

முதலாளிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒப்பந்தம் போட்ட நாளில் போட்டோகிராபரையே வரவழைத்திருந்தார். முத்திரைத்தாளின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, எழுதாமல் கேமராவையே பார்த்தபடி நெடுநேரம் இருந்தார். கான்ட்ராக்டர் பக்கத்தில் புதுச் சட்டையோடு நின்றார். அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரும் படிக்கவில்லை. படித்தது நான் ஒருத்திதான். அதற்கு என்னை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

வரைபடம் வேலூரில் இருந்த ஒரு இன்ஜினியர் போட்டது. கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே இரண்டு மாடி, ஒவ்வொரு மாடியிலும் நடுவில் நடை, இரண்டு பக்கமும் அறைகள். மனை சாலைக்குக் கிழக்கே இருந்ததால் முன்பக்க அறைகளுக்கு மலை தெரியும். பின்பக்க அறைகளுக்கு மல்லாட்டைக் கொல்லை தெரியும். இது வரைபடத்தைத் திறந்த உடனே விளங்கும் விஷயம். முதலாளிக்கு இது முதல் மாடியின் தூண்கள் எழும்பி நின்றபோதுதான் விளங்கியது.

"எல்லா ரூம்லருந்தும் மலை தெரியணும் மேஸ்திரி" என்றார்.

தன்னை மேஸ்திரி என்று கூப்பிட்டால் கான்ட்ராக்டருக்குப் பிடிக்காது. ஆனால் கூப்பிட்டது முதலாளி. "தெரிய வச்சிடலாங்க மொதலாளி" என்றார்.

"எப்படிங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மணல் குவியல் வாய் திறந்து பேசியதைப் போல என்னைப் பார்த்தார்கள்.

"பின்னாடி ரூமுங்க எல்லாம் கிழக்கால பாத்து இருக்குதுங்க. மலை மேற்கால இருக்குது" என்றேன்.

"அதுக்குதாம்மா மாத்தச் சொல்றேன்" என்றார் முதலாளி.

மலையையா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். நடையைப் பின்பக்கம் தள்ளி, அறைகளை ஒரே வரிசையில் முன்பக்கம் வைப்பது என்று முடிவானது. அன்றைக்கே சீட்டு எழுதி முதலாளியிடம் நீட்டினேன்.

"இன்னாம்மா இது?"

"நீங்க சொன்ன மாத்தங்க. ரூமு பாதியா கொறையும்னு எழுதியிருக்கேன். படிச்சிட்டு கையெழுத்து போடுங்க."

"என் வாயால சொல்லிட்டேனே. அப்புறம் கையெழுத்து எதுக்கு? லோடு லோடா எண்ணெய வாய் வார்த்தையில அனுப்பறவன் நானு. எங்கிட்ட வந்து சீட்ட நீட்டறியே."

கான்ட்ராக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். பெரிய மனிதரிடம் கையெழுத்துக் கேட்டால் நம்பவில்லை என்று அர்த்தமாம். வங்கியில் கேட்டால் என்ன சொல்வது என்றேன். "கேட்டா பாத்துக்கலாம்" என்றார். எங்கள் ஊர்க் கட்டடங்களில் சிமென்ட்டைவிட அதிகமாகச் செலவான பொருள் அந்தப் பாத்துக்கலாம்தான்.

அவராவது கையெழுத்திட்டாரா என்றால் அதுவும் இல்லை. முதலாளி போடட்டும், பிறகு நான் போடுகிறேன் என்றார். முதலாளியிடம் போனால், மேஸ்திரியே போடவில்லை, நான் எதற்குப் போட வேண்டும் என்றார். வார்த்தைதான் பெரிது என்று இரண்டு பேரும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தையை ஒரு தாளில் வைத்துக் காட்டினால் இரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நான் சீட்டின் அடியில், 'சொன்னார், கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதித் தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன்.

பத்து நாளில் முதலாளி மறுபடியும் வந்தார். அறைகள் பாதியாகக் குறைந்துவிட்டதை யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

"ரூமு இவ்வளவு கம்மியா ஆயிடும்னு யாரும் எனக்குச் சொல்லலியே" என்றார்.

சீட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்காமல் கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் வானத்தைப் பார்த்தார். கட்டிய சுவர்களை இடித்து, பழையபடி நடையை நடுவுக்கே கொண்டு வந்தார்கள். இன்னொரு சீட்டு, இன்னொரு மறுப்பு. பிறகு மாடிப்படி இடம் மாறியது. யாரோ ஜோசியர் சொன்னார் என்று அது திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தது. ஒவ்வொன்றுக்கும் எழுதினேன். என் கோப்பு தடித்தது. அதில் என் கையெழுத்தைத் தவிர வேறு யாருடைய கையெழுத்தும் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய கோமாளித்தனம். அடுத்து வந்தது அப்படியில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு அரிசி மண்டிக்காரர் லாட்ஜ் கட்டத் தொடங்கினார். அவருடைய கட்டடம் மளமளவென்று வளர்ந்து எங்கள் இரண்டாம் மாடியின் உயரத்துக்கு வந்து நின்றது. முன்பக்க அறைகளின் ஜன்னலைத் திறந்தால் அவருடைய குளியலறைக் குழாய்கள் தெரிந்தன. முதலாளி மொட்டை மாடியில் ஏறி நின்று எதிர்க் கட்டடத்தை முறைத்தார். பிறகு இறங்கி வந்து, "இன்னொரு மாடி போடு மேஸ்திரி. அவன் தலைக்கு மேல நம்ம ஜன்னல் இருக்கணும்" என்றார்.

"போட்டுடலாங்க."

அஸ்திவாரமும் தூணும் இரண்டு மாடிக்குக் கணக்குப் பார்த்துப் போட்டவை. அது வரைபடத்திலேயே எழுதியிருந்தது. முதலாளி போன பிறகு கான்ட்ராக்டரிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"இன்ஜினியருங்க எப்பவும் பயந்துகினு கம்பிய ஜாஸ்தியாதாம்மா போடுவாங்க. ஒரு மாடி தாராளமா தாங்கும்."

"அத அவரே சொல்லட்டுங்க. வேலூருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க."

மறுநாள் காலையில், "போன் போட்டுட்டேன், சரின்னுட்டாரு" என்றார். எழுதி வாங்க வேண்டாமா என்றேன். போனில் சொன்னதை எப்படி எழுதி வாங்குவது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அந்தச் சீட்டை மட்டும் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை எழுதியதில் கோபம் தெரிந்தது. இரண்டாம் முறை, அஸ்திவாரம் இரண்டு மாடிக்குத்தான், மூன்றாவது மாடிக்கு இன்ஜினியரின் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை வேலை தொடங்கக் கூடாது என்று மட்டும் எழுதினேன். முதலாளியிடம் கொடுத்தபோது அவர் டீக்கடையிலிருந்து வந்த வடையைத் தின்றுகொண்டிருந்தார். சீட்டை வாங்கினார், நான்காக மடித்தார், விரலில் இருந்த எண்ணெயை அதில் துடைத்தார். என்னிடம் கார்பன் படி இருந்தது. அதில் வழக்கமான வரியை எழுதினேன்.

கார்த்திகை தீபத்துக்குள் மூன்றாவது மாடி எழும்பிவிட்டது. அதன் மேல் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். தீபத்தன்று லாட்ஜைத் திறந்தார்கள். முதலாளி மேல்மாடியில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தானே ஜன்னலைத் திறந்து மலையைக் காட்டினார். மலையை அவர்தான் கட்டி முடித்தார் என்று நினைக்கும்படி இருந்தது அவர் காட்டிய விதம். கான்ட்ராக்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தை பிறப்பதற்குள் முதல் மாடியின் கதவுகள் பிடிக்க ஆரம்பித்தன. சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. சட்டம் கோணியிருந்தது. கான்ட்ராக்டர் ஒரு தச்சரை அனுப்பிக் கதவுகளின் ஓரத்தைச் சீவச் சொன்னார். சீவிய கதவு சில நாளில் மறுபடி பிடித்தது. மறுபடி சீவினார்கள். கட்டடம் இறங்குகிறது, கதவைக் குறைக்கிறார்கள். பிறகு சாப்பாட்டுக் கூடத்தின் மேலே ஓடிய பெரிய பீமில் விரிசல் கண்டது. பூசி, வெள்ளையடித்தார்கள். பூச்சின் மேலேயே விரிசல் திரும்ப வந்தது. அதன் அடியில் இலை போட்டு, தங்க வந்தவர்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காரை பெயர்ந்து ஒருவருடைய இலையில் விழுந்தது. பரிமாறியவர் வேறு இலை போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் முதலாளிக்கே பயம் பிடித்தது. எங்கள் இருவரையும் கீழ்பென்னாத்தூரில் இருந்த அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். என்னைக் கோப்போடு வரச் சொன்னதாகக் கான்ட்ராக்டர் சொன்னபோது, கடைசியில் யாரோ படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகக்கூடப் போனேன்.

"தாங்கும்னு இவன்தான் சொன்னான்" என்றார் முதலாளி.

"தாங்குமா தாங்காதானு பாக்காத, போடுனு அவருதாங்க சொன்னாரு" என்றார் கான்ட்ராக்டர், என்னைப் பார்த்து. இருவரும் ஒருவரோடொருவர் நேராகப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

வார்த்தை தடித்து, கடைசியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்வது என்று வந்தது. முதலாளியின் மனைவி தட்டைக் கொண்டு வந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே கற்பூரம் போதுமா, தனித்தனியா ஏத்தட்டுமா?" என்று கேட்டார். ஒன்றையே ஏற்றிவிட்டு உள்ளே போனார்.

மலை இருக்கும் திசையில் திரும்பி நின்று, மேஸ்திரி சொல்லித்தான் போட்டேன் என்று முதலாளி கற்பூரத்தை அணைத்தார். திரும்ப ஏற்றி, முதலாளி சொல்லித்தான் போட்டேன் என்று கான்ட்ராக்டர் அணைத்தார். இரண்டு பேர் கண்ணிலும் நீர் இருந்தது. ஒரு பேனாவைத் தொட வெட்கப்பட்டவர்கள் நெருப்பைத் தொடக் கொஞ்சமும் கூசவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணுதான் எல்லாத்தையும் எழுதிகினே இருந்துச்சே. இது ஒழுங்கா எழுதியிருந்தா இந்தத் தகராறே வந்திருக்காது."

"ஆமாங்க" என்றார் கான்ட்ராக்டர் உடனே. "நானும் எழுதும்மா எழுதும்மானு சொல்லிகினேதான் இருந்தேன்."

அறைகளின் எண்ணிக்கையிலிருந்து மாடிப்படி வரைக்கும் எதிலுமே ஒத்துப்போகாத இரண்டு பேர் அந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். நான் கோப்பைத் திறந்து மூன்றாவது மாடியின் சீட்டை உரக்கப் படித்தேன். கடைசி வரியையும் படித்தேன். சொன்னார், கையெழுத்திட மறுத்தார்.

முதலாளி யோசித்தார். "அதுல நாங்க கையெழுத்தே போடலியேம்மா. அப்போ அது செல்லாதுல்ல?" என்றார்.

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். கான்ட்ராக்டரும் அதே கேள்வியை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இவர்களுக்கு நான் எழுதிக்கொண்டே இருக்கலாம், சுவர் இடிந்து தலையில் விழும்வரை எழுதலாம். இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள். இன்னொரு தடவை நல்ல சிமென்ட்டாகப் போட்டுப் பூசிப் பார்ப்பது என்று ராஜியானார்கள்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். அந்தக் கூடத்தில் இலை போட்டு உட்காருகிறவர்களுக்கு இந்தச் சத்தியம் எதுவும் தெரியாது என்பது மட்டும்தான் வழியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் தலை நரைத்தவர், வாயில் எப்போதும் வெற்றிலை. மூன்றாவது மாடி என்றதும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது.

"எந்த மூணாவது மாடி?"

"நீங்க போன்ல சரின்னு சொன்னதா சொன்னாங்களே சார்."

"எனக்கு யாரும் போன் பண்ணலம்மா."

சீட்டைப் படித்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, என்னோடு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று. நிரம்ப இருக்கிறது என்றேன்.

இறங்கியவுடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுந்து வெளியே போகச் சொன்னார். தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார். பீமின் அடியில் முட்டுக் கொடுக்கச் சொன்னார். அதற்குள் முதலாளி மில்லிலிருந்து வந்து சேர்ந்தார். கான்ட்ராக்டர் என்னை முறைத்துக்கொண்டே நின்றார்.

"மேல்மாடிய எறக்கணும். மேலேருந்து கீழ, பாத்துப் பாத்து. வேற வழி கெடையாது" என்றார் இன்ஜினியர்.

"பூசிப் பாத்தா..." என்று கான்ட்ராக்டர் ஆரம்பித்தார்.

"பூசினா வெரிசல் உன் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான்." பிறகு என்னிடம், "எழுதும்மா" என்றார். "ரெண்டு பேரும் கையெழுத்து போடட்டும். போடலேன்னா நான் இப்படியே கலெக்டர் ஆபீசுக்கு நடந்துடுவேன். பக்கம்தான்."

அங்கேயே ஒரு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, 'மூன்றாவது மாடியை இடித்து அகற்றுதல்' என்று எழுதினேன். யார் கேட்டது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நிமிர்ந்தேன். "கட்டடம் கேட்டதுனு போடு" என்றார் இன்ஜினியர். அப்படி எழுதாமல் அவர் பெயரை எழுதினேன்.

முதலாளி ஜேபியிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த வேலை முழுவதிலும் அவர் கையெழுத்திட்ட ஒரே மாறுதல் சீட்டு, கட்டியதை இடிப்பதற்கான சீட்டு. நிதானமாக, கீழே கோடெல்லாம் இழுத்துப் போட்டார். மூடியை மூடிக்கொண்டே என்னைப் பார்த்து, "இத அப்பவே இந்த மாதிரி பக்குவமா குடுத்திருந்தா போட்டிருப்பேனேம்மா" என்றார்.

சீட்டை வாங்கிக் கோப்பில் வைத்தேன். வாயைத் திறந்திருந்தால் தமிழில் அச்சிட முடியாததைத்தான் சொல்லியிருப்பேன்.

இடித்து முடிக்கும்வரை இருந்தேன். அந்த மாதத்தோடு நின்றுவிட்டேன். என்னால் தனக்குக் கெட்ட பெயர் என்று கான்ட்ராக்டர் ஊரெல்லாம் சொன்னார். யாரையும் கேட்காமல் வேலூருக்குப் போன பெண்ணை எந்தச் சைட்டில் சேர்ப்பது என்று மற்றவர்களும் பேசிக்கொண்டார்கள். அதனால் இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு கல்யாணமாகி, அதற்கும் பிறகு, இரண்டாயிரத்தை ஒட்டி, வேங்கிக்காலில் ஒரு வாடகை அறையில் வீட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினேன். வருகிறவர்களில் பெரும்பாலும் அரசு ஊழியர்கள், வாத்தியார்கள். அலுவலகத்தில் ஒரு குண்டூசி வாங்க மூன்று கையெழுத்துக் கேட்கிறவர்கள். சொந்த வீட்டுச் சமையலறையை இடம் மாற்றச் சொல்லிவிட்டு, "நமக்குள்ள எதுக்குங்க எழுதிகினு" என்பார்கள். அவர்களுக்கு நான் மரியாதையாக ஒரு பேனாவை நீட்டுவேன். போட மாட்டேன் என்கிறவர்களை அனுப்பிவிடுவேன். அவர்கள் நேராகப் போய்ச் சேருகிற இடம் எனக்குத் தெரியும். பழைய கான்ட்ராக்டர் அப்போது முன்பைவிடப் பெரிய போர்டு வைத்திருந்தார்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் முதலாளியைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்து, நெற்றி நிறைய விபூதியோடு, நாலைந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அடுத்த பந்திக்குக் காத்திருந்த நான் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை அடையாளம் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருந்தார்.

"மூணாவது மாடியும் முடிச்சி, பால் காய்ச்சி, ஆளுங்க தங்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு நாள் ரோட்ல நின்னு பாக்கறேன். பின்னாடி வீட்டுக்காரங்களுக்கு என் கட்டடம் மலைய மறைக்குது. மனசு கேக்கல. அன்னிக்கே ஆள வுட்டு ஒரு மாடியவே எறக்கிட்டேன். அண்ணாமலையார மறைச்சி சம்பாதிக்கிற காசு நமக்கு எதுக்குங்க?"

கேட்டவர்களில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர், இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள் என்றார். எங்கள் லாட்ஜுக்குப் பின்னால் அப்போது வீடே கிடையாது, மல்லாட்டைக் கொல்லைதான். அதை எழுந்து சொல்லியிருக்கலாம். பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். பாயசம் நன்றாக இருந்தது, இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.